ஓடிச் சேர்த்த பணமும் அதை வீணடிக்கும் வழிகளும்

டிசம்பர் நெருங்கினால் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் விடியற்காலையில் ஓடுகிறவர்கள் கூடிவிடுகிறார்கள். பால் கேன் ஏற்றிய வண்டிகளுக்கும் கள் இறக்கப் போகிறவர்களின் சைக்கிள்களுக்கும் நடுவே பளபளக்கும் பனியன்கள். கேட்டால், புற்றுநோய் வந்த குடும்பத்துக்கு நிதி திரட்ட ஓடுகிறோம் என்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் இந்த ஆண்டு புதிதாகக் கிளம்பிய இரண்டு குழுக்களின் திட்டத்தைப் பார்த்தபோது, நாங்கள் தொடங்கிய காலத்தில் தடுக்கி விழுந்த இடங்களிலேயே இவர்களும் விழப்போவது தெரிந்தது. அந்த இடங்களைத்தான் இங்கே எழுதுகிறேன். புதுக் காலணியோடு பந்தயத்துக்குப் போகாதே, முதல் நாள் இரவு வயிறு முட்டச் சாப்பிடாதே என்பதெல்லாம் இதில் இல்லை. அதை ஓடுகிற எவரும் சொல்லிவிடுவார்கள்.

முதல் ஆண்டே சொந்தப் பந்தயம்

பக்கத்தில் கோவை இருக்கிறது. 2013 முதல் அங்கே நடக்கும் கோவை மாரத்தான், கோவை புற்றுநோய் அறக்கட்டளைக்காகவே நடத்தப்படுவது. ஓரிரு ஆண்டு அதில் ஓடிப் பாருங்கள். தண்ணீர்ப் பந்தல் எத்தனை தூரத்துக்கு ஒன்று, ஆம்புலன்ஸ் எங்கே நிற்கிறது, பாதையை எப்போது மூடி எப்போது திறக்கிறார்கள் என்று கவனியுங்கள். முதல் ஆண்டிலேயே சொந்தமாக நடத்துகிறவர்கள் பனியன், பதக்கம், பந்தல், ஒலிபெருக்கி, காலைச் சிற்றுண்டி என்று கொடுத்துவிட்டு, மிச்சம் இருப்பதைத்தான் நோயாளிக்குத் தருகிறார்கள். பல நேரம் மிச்சம் என்று ஒன்று இருப்பதில்லை. புற்றுநோய் நிதிக்காக ஓடிய கனடா இளைஞர் டெரி ஃபாக்ஸ் பெயரில் உலகெங்கும் நடக்கும் ஓட்டங்களில் வெற்றியாளர் என்று யாரும் கிடையாது, பரிசும் கிடையாது. அதனால் கூட்டம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வாக்கு வாங்குவது

"ஒரு கிலோமீட்டருக்கு நூறு ரூபாய் தருகிறேன், 42ஐயும் முடித்துவிடு." உற்சாகமாகத்தான் இருக்கும். முப்பதாவது கிலோமீட்டரில் முழங்கால் வலிக்கும்போது ஓடுகிறவரின் மண்டைக்குள் இந்தக் கணக்குதான் ஓடும். நின்றால் அந்தக் குடும்பத்துக்கு 1,200 ரூபாய் நஷ்டம் என்று நொண்டிக்கொண்டே போய், ஆறு மாதம் ஓட முடியாமல் கிடந்தவரை எனக்குத் தெரியும். இந்த வகை ஓட்டத்துக்கெல்லாம் முன்னோடியான டெரி ஃபாக்ஸே முடிக்கவில்லை. புற்றுநோயில் ஒரு காலை இழந்த அந்த இளைஞர், 1980இல் செயற்கைக் காலோடு கனடாவைக் குறுக்காகக் கடக்கக் கிளம்பினார். 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடியபோது நோய் நுரையீரலுக்குப் பரவிவிட்டது தெரிந்து நிறுத்தினார். கனடாவில் ஆளுக்கு ஒரு டாலர் என்று அவர் கேட்டிருந்தார். அந்த இலக்கு அவர் ஓட்டத்தை நிறுத்திய பிறகுதான், 1981 பிப்ரவரியில் எட்டப்பட்டது. ஆகவே பணத்தை முன்பே வாங்கிவிடுங்கள். ஓட்டம் எங்கே நின்றாலும் தொகை மாறாது என்று கொடுப்பவரிடமும் சொல்லிவிடுங்கள். முன்பே வாங்குவதில் இன்னொரு வசதி, பந்தயம் முடிந்த பிறகு வாக்குக் கொடுத்தவர்களின் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார வேண்டியதில்லை.

சொந்த ஜிபே எண்

கூடாது. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓர் ஆண்டில் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டி வந்தால், முழுத் தொகையும் உங்கள் வருமானமாகக் கணக்கிடப்படும். வரிச்சலுகைக்கான நன்கொடை ரசீது (80ஜி) கேட்கிறவருக்கு உங்களால் கொடுக்க முடியாது. அது பதிவு பெற்ற அறக்கட்டளையின் வேலை. அங்கேயும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிச்சலுகை கிடையாது. 2023இல் கேரளத்தில் யுபிஐ வழியாகப் பணம் வாங்கிய சிறு வியாபாரிகளின் கணக்குகள், எங்கோ நடந்த இணைய மோசடி பற்றிய புகாருக்காக முடக்கப்பட்டன. கீமோவுக்கு முதல் நாள் உங்கள் கணக்குக்கு அப்படி ஆனால் யாரிடம் போய் நிற்பீர்கள்?

மேடைக்காகப் பணத்தை நிறுத்திவைப்பது

எனக்கு இன்றும் ஆறாத எரிச்சல் இதில்தான். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துக் குழு ஒன்று. பெயர் வேண்டாம். நேர்மையானவர்கள், ஒரு ரூபாய்கூடக் கணக்கில் தவறவிடாதவர்கள். டிசம்பர் முதல் வாரத்திலேயே நல்ல தொகை சேர்ந்துவிட்டது. பால் சொசைட்டியில் வேலை பார்க்கும் ஒருவரின் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய். அவர்களுக்கான பணம் அது. 21 நாளுக்கு ஒருமுறை கீமோ. ஒவ்வொரு முறையும் வாடகைக் காருக்கும் மருந்துக்கும் கைமாற்று. அந்த அம்மாவின் சங்கிலி அடகில் இருந்தது.

குழுவோ பிரமுகர் ஒருவரின் தேதிக்காகக் காத்திருந்தது. டிசம்பரில் அவருக்கு நேரமில்லை. பிறகு பொங்கல் வந்தது, பிறகு ஊர்த் திருவிழா வந்தது. "பணம் வங்கியில் பத்திரமாக இருக்கிறது" என்று செயலாளர் சொல்லிக்கொண்டே இருந்தார். வங்கியில் இருந்த பணத்துக்குச் சேமிப்புக் கணக்கு வட்டி, சங்கிலிக்கு அடகு வட்டி. ஏல நோட்டீஸ் வந்ததும் அந்தக் கணவர் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "அக்கா, வட்டி கட்டவாவது அதிலிருந்து கொடுப்பார்களா, கேட்டுச் சொல்கிறீர்களா?" கேட்டேன். "பிரித்துக் கொடுத்துவிட்டால் மேடையில் தொகை குறைவாகத் தெரியுமே அக்கா" என்றார் செயலாளர்.

விழா பிப்ரவரியில் நடந்தது. அது கீமோ ஏறிய பத்தாம் நாள் என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. பெரும்பாலான கீமோ மருந்துகளுக்கு, ஏறிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரைதான் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். கூட்டத்துக்குள் போகாதீர்கள் என்று டாக்டர்கள் சொல்வது இந்த நாட்களுக்காகத்தான். அந்த அம்மாவை மண்டபத்தின் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். பொன்னாடை, மாலை, வரிசையாக வந்து கைகுலுக்கல். படம் எடுப்பவர், "ஒரு நிமிடம் மாஸ்க்கை எடுங்கள்" என்றார். எடுத்தார்.

கையில் கொடுத்தது தெர்மாகோலில் செய்த காசோலை, நாலடி நீளம். அதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறியபோது கண்டக்டர் முகம் சுளித்ததாகக் கணவர் பிறகு சொன்னார். கணக்கு முடித்துப் பணம் வங்கிக்கு வர இன்னும் பத்து நாள் ஆனது. சங்கிலி அதற்குள் போய்விட்டது. விழாவுக்கு அடுத்த வாரம் அந்த அம்மா காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். கூட்டத்தால்தான் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அடுத்த கீமோ தள்ளிப்போனது.

பணம் சேரச் சேரக் கொடுத்துவிடுங்கள். கீமோ தேதிகளைக் குடும்பத்திடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தேதிக்கும் இரண்டு நாள் முன்னதாக அனுப்புங்கள். நன்கொடையாளருக்கு வரவு செலவுக் கணக்கு போதும். மொட்டைத் தலையோடு ஒரு பெண்ணின் முகத்தை ஃபிளெக்ஸில் போட்டுத்தான் நம்ப வைக்க வேண்டும் என்றால் அந்த நன்கொடை வேண்டாம். மேடை வேண்டுமென்றால் ஓடியவர்களை ஏற்றிப் பதக்கம் போட்டுக்கொள்ளுங்கள்.

செலவு என்றால் ஆஸ்பத்திரி பில் என்று நினைப்பது

பில்லில் ஒரு பகுதியை அரசுக் காப்பீடு பார்த்துக்கொள்ளக்கூடும். குடும்பத்தைக் கவிழ்ப்பது மற்றவை. கதிர்வீச்சுச் சிகிச்சை பெரும்பாலும் வாரத்தில் ஐந்து நாள் வீதம் சில வாரங்கள் நடக்கும். இயந்திரத்தின் கீழே படுத்திருப்பது சில நிமிடம்தான், அதற்காகத் திருவனந்தபுரத்திலோ கோவையிலோ வாடகைக்கு அறை எடுத்துத் தங்க வேண்டும். நோயாளிக்குக் கூலி இல்லை, துணைக்குப் போனவருக்கும் கூலி இல்லை. அதைக் கேளுங்கள், அதற்குக் கொடுங்கள்.

பணம் இல்லாமலே செய்யக்கூடிய உதவியும் உண்டு. திருவனந்தபுரத்தில் உள்ள மண்டலப் புற்றுநோய் மையமான ஆர்சிசிக்கு நம் பக்கத்து ஆட்கள் பலர் பொள்ளாச்சியிலோ பாலக்காட்டிலோ அமிர்தா எக்ஸ்பிரஸ் ஏறுகிறார்கள். சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் டிக்கெட் இலவசம். துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம் சலுகை. ஆஸ்பத்திரியில் ரயில்வே படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். முழுக் கட்டணம் கொடுத்துப் போய்வந்துகொண்டிருக்கும் குடும்பங்களை இன்றும் பார்க்கிறேன்.

எல்லையைத் தாண்டும் பாதை

கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் படம் அழகாக வரும். இரண்டு மாநிலப் போலீஸ், இரண்டு அனுமதி, நடுவே லாரி வரிசை. வேண்டாம்.

கிழக்குக் காற்று

பாலக்காட்டுக் கணவாய் வழியாக டிசம்பர், ஜனவரியில் கிழக்கிலிருந்து காற்று வீசும். பயிற்சியில் முதலில் அதை எதிர்த்துக் கிழக்கே ஓடுங்கள், களைத்துத் திரும்பும்போது காற்று முதுகில் இருக்கும்.

ஓட்டத்தோடு கணக்கை மூடுவது

கீமோ முடிந்தால் கதிர்வீச்சு, அதன் பிறகு சில மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. பதக்கம் சுவரில் மாட்டப்பட்ட பிறகும் குடும்பம் பஸ் ஏறிக்கொண்டுதான் இருக்கும். சேர்ந்ததில் ஒரு பங்கை மே மாதக் கடைசிக்கென்று டிசம்பரிலேயே ஒதுக்கிவிடுங்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது நோட்டுப் புத்தகம், சீருடை, குடை என்று செலவு ஒன்றாக வந்து நிற்கும். அந்த நேரத்தில் அம்மாவின் ஸ்கேனுக்கும் தேதி கொடுத்திருப்பார்கள்.