குளிர் தாங்கும் பூச்சியுண்ணிச் செடிகளை விதையிலிருந்து வளர்க்க

சாரசீனியா விதை முளைக்கவில்லை என்றால் பெரும்பாலும் விதைமேல் குற்றமில்லை; அதற்குக் குளிர்காலம் கிடைத்திருக்காது. வட அமெரிக்கச் சதுப்புகளில் வளரும் குடுவைச் செடி அது. ஈரமும் குளிரும் சேர்ந்து சில வாரம் பட்டால்தான் விதையின் உறக்கம் கலையும். உலர்ந்த விதையைப் பாக்கெட்டோடு ஃபிரிட்ஜில் வைத்தால் கெடாமல் இருக்கும், அவ்வளவுதான்.

முதலில் கலவை. உரம் சேராத பீட் மாஸ் (சதுப்பில் மக்கிய பாசி) இரண்டு பங்கு, நன்கு அலசிய சிலிக்கா மணல் அல்லது பெர்லைட் (எடை குறைந்த வெள்ளை எரிமலைக் கல் துகள்) ஒரு பங்கு. தோட்ட மண்ணும் தொழுவுரமும் வேரைக் கருக்கிவிடும். கோகோபீட்டில் உப்பு தங்கியிருக்கும் என்பதால் அதையும் தவிர்ப்பது நல்லது. தண்ணீர் மழைநீராகவோ காய்ச்சி வடித்த நீராகவோ இருக்கட்டும். நீரில் கரைந்த உப்புகளின் அளவு (டிடிஎஸ்) 50 பிபிஎம்-க்குள் இருக்க வேண்டும். தாது சேர்த்துத் தரும் ஆர்.ஓ. நீர் உதவாது.

சாரசீனியா விதையில் மெழுகுப் படலம் உண்டு. தண்ணீரில் போட்டால் நனையாமல் மிதக்கும். அதனால் ஈரக் கலவை ஒரு கைப்பிடி எடுத்து, விதையை அதில் பிசறி, ஜிப் பையில் போட்டு மூடுங்கள். கலவையைப் பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டும் விழ வேண்டும். அதற்குமேல் ஈரமிருந்தால் பூஞ்சை வரும். ஃபிரிட்ஜில் 2 முதல் 5 டிகிரியில் 4 முதல் 6 வாரம். ஃப்ரீசர் வேண்டாம். இலையில் ஒட்டும் பசையால் பூச்சி பிடிக்கும் அழுகண்ணிகளில் குளிர்நாட்டு வகைகளுக்கும் (ட்ரொசீரா ரொட்டண்டிஃபோலியா போன்றவை) இதே முறைதான். வீனஸ் ஈப்பொறிக்கு இந்தக் குளிர் தேவையில்லை. புது விதையை நேரே தூவலாம்.

பிறகு பையில் உள்ளதைத் தொட்டியின் மேல் மெல்லப் பரப்புங்கள். மண் போட்டு மூடக் கூடாது, முளைக்க வெளிச்சம் வேண்டும். அழுகண்ணி விதை தூசிபோல இருக்கும்; கலவையோடு சேர்த்தே பரப்புங்கள். மேலிருந்து நீர் ஊற்றினால் விதை ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். தொட்டியைத் தட்டில் வைத்து, 1 முதல் 2 செ.மீ. நீர் நிறுத்தினால் போதும்.

20 முதல் 28 டிகிரியில் சில வாரங்களில் முளை தெரியும். முதலில் இரண்டு விதையிலை. சாரசீனியாவில் அடுத்து வருவதே சில மில்லிமீட்டர் உயரக் குடுவை, வாய் திறந்தபடி! நாற்று நீண்டு வெளிறினால் வெளிச்சம் போதவில்லை. வெள்ளைப் பூஞ்சை கண்டால், தொட்டியை மூடி வைத்திருந்தால் திறந்து காற்றோட்டம் கொடுங்கள். உரம் வேண்டாம்.

சாரசீனியா முழு வளர்ச்சி அடைய மூன்று முதல் ஐந்து ஆண்டு ஆகும். குளிர்காலத்தில் குளிர்நாட்டு அழுகண்ணிகள் இலையெல்லாம் கருகி, நடுவில் இறுகிய பச்சை மொட்டாகச் சுருங்கும். செத்துவிட்டதென்று தூக்கிப் போடாதீர்கள். ஈரம் மட்டும் காயாமல் பாருங்கள்.