கப்பலில் கேபின் ஸ்டூவர்டுக்கு டிப்ஸ்: எப்போது, எவ்வளவு, எப்படிக் கொடுப்பது

போன மாதம் எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கையில் ஒரு தாளோடு வீட்டுக்கு வந்தார். மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். அங்கிருந்து நான்கு இரவுக் கப்பல் பயணத்துக்கு அப்பா, அம்மாவையும் சேர்த்து முன்பதிவு செய்திருக்கிறார். "தம்பி, இதுல கிராஜுவிட்டின்னு ஒரு தொகை இருக்கு. எனக்குத்தான் ரிட்டையர் ஆகும்போதே வந்துடுச்சே, இது என்ன புதுசா?" என்று கேட்டார்.

நமக்கு கிராஜுவிட்டி என்றால் பணிக்கொடை. கப்பல் நிறுவனங்களின் வழக்கில் அது டிப்ஸ். ஆசிரியருக்கு அதைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்தது: "அப்போ ரூம் பையனுக்குத் தனியா வேற கொடுக்கணுமா? எப்போ கொடுக்கணும்?"

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இந்தக் கேள்வியை இப்போது அடிக்கடி கேட்கிறேன். 2023 ஜூனில் சென்னையிலிருந்து இலங்கைக்குப் பயணிகள் கப்பல் புறப்பட்டது. 2025 ஜூலையில் புதுச்சேரிக்கு எதிரே ஒரு கப்பல் நங்கூரமிட்டு, பயணிகளைப் படகுகளில் கரைக்கு அனுப்பியது. அதன்பிறகு, கப்பல் பயணம் நமக்கும் எட்டும் என்று பலருக்குத் தோன்றியிருக்கிறது. நான் ஏழு வருடம் கேபின் ஸ்டூவர்டாக, அதாவது பயணிகளின் அறையைச் சுத்தம் செய்து கவனித்துக்கொள்பவனாக, வேலை பார்த்தவன். டிப்ஸ் கவரை வாங்கிய பக்கத்திலிருந்து எனக்குத் தெரிந்ததை, முதல்முறை போகிறவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் பில்லைப் பாருங்கள்

பெரிய கப்பல் நிறுவனங்களில் பெரும்பாலானவை ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று டிப்ஸைத் தாமாகவே கணக்கில் சேர்த்துவிடும். சாதாரண அறைக்கு 16 முதல் 20 அமெரிக்க டாலர் வரை இருக்கும். சூட் அறை என்றால் அதைவிடக் கூடுதல். இதை முன்பதிவின்போதே கட்டலாம், இல்லாவிட்டால் கப்பலில் உங்கள் கணக்கில் தினமும் ஏறும்.

ஆளுக்கு என்ற சொல்லைக் கவனியுங்கள், அறைக்கு அல்ல. நான்கு பேர், நான்கு இரவு, ஆளுக்கு 18 டாலர் என்றால் 288 டாலர். டாலரை 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 25,920 ரூபாய். கைக்குழந்தைகளுக்குச் சில நிறுவனங்களில் விலக்கு உண்டு. பள்ளிக்குப் போகிற பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் முழுத்தொகைதான். இது தெரியாமல் கப்பலேறி, கடைசி நாள் பில்லைப் பார்த்து வரவேற்பு மேசையில் சத்தம் போடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பயணச் செலவைக் கணக்குப் போடும்போதே இதையும் சேர்த்துவிடுங்கள்.

எல்லாக் கப்பலிலும் இப்படி இல்லை. சில்வர்சீ, ரீஜென்ட் போன்ற விலை உயர்ந்த கப்பல்களில் கட்டணத்திலேயே டிப்ஸ் அடங்கிவிடும். பிரிட்டனின் பி அண்ட் ஓ நிறுவனம் 2019இல் தினசரித் தொகையை எடுத்துவிட்டது. உங்கள் கப்பலில் எப்படி என்று டிக்கெட் போட்டுத் தருபவரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

2. சில்லறை நோட்டு வாங்குங்கள்

புதுச்சேரி மிஷன் வீதிப் பக்கம் பணம் மாற்றும் கடைகள் இருக்கின்றன. கடலூரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். பாஸ்போர்ட், பயண டிக்கெட் இரண்டையும் எடுத்துப் போங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரை நோட்டாகக் கொண்டு போகலாம். டிப்ஸுக்கு அதில் ஒரு சிறு பங்கே போதும்.

கடையில் நீங்கள் வாய் திறந்து கேட்காவிட்டால் நூறு டாலர் நோட்டாகத்தான் வரும். "ஒண்ணு, அஞ்சு, பத்துல வேணும்" என்று கேளுங்கள். இல்லை என்றால் முந்தைய நாளே போன் செய்து சொல்லிவைத்துவிட்டுப் போங்கள். கிழிந்தது, பேனாவால் கிறுக்கியது, மடிப்பு நைந்தது எதையும் வாங்காதீர்கள். அந்த நோட்டை ஸ்டூவர்ட் தன் ஊருக்குக் கொண்டுபோனால் அங்கே மாற்ற மாட்டார்கள்.

சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பல்களில் சிலவற்றின் கணக்கு அமெரிக்க டாலரில் இருக்கும், சிலவற்றில் சிங்கப்பூர் டாலரில். டிப்ஸுக்கு இரண்டும் செல்லும். ஆனால் சிங்கப்பூரில் ஒரு டாலர் என்பது நாணயம். நோட்டு இரண்டு டாலரிலிருந்துதான் தொடங்கும். நாணயம் வேண்டாம், வெளிநாட்டு நாணயத்தைப் பெரும்பாலான கடைகளில் மாற்ற முடியாது, அது மேசை இழுப்பறையிலேயே கிடக்கும். ரூபாய் நோட்டும் அப்படித்தான். சென்னையிலோ மும்பையிலோ புறப்படும் கப்பலில், ஸ்டூவர்ட் இந்தியராக இருந்தால் ரூபாய் நல்லது. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியாக்காரர் என்றால் டாலர்தான்.

3. ஏறிய நாளில்

உங்கள் ஸ்டூவர்டைச் சந்திக்கும் அந்த முதல் மதியம் அவருக்கு எப்படிப்பட்டது என்று சொல்கிறேன். பழைய பயணிகள் காலை 9 மணிவாக்கில் இறங்குவார்கள். மதியம் 1 மணிக்குப் புதியவர்களுக்கு அறை தயாராக இருக்க வேண்டும். என் பொறுப்பில் 18 அறைகள். நான்கு மணி நேரத்தைப் பதினெட்டால் வகுத்தால் ஒரு அறைக்கு 13 நிமிடம் வருகிறது. அதற்குள் படுக்கை உறை மாற்றி, குளியலறை தேய்த்து, குப்பை எடுத்து, கண்ணாடி துடைத்து, முந்தைய குழந்தை ஒளித்துவைத்த பிஸ்கட் துண்டுகளைச் சோபா இடுக்கிலிருந்து பொறுக்க வேண்டும். வெளி வராண்டாவில் வியர்வையோடு சிரித்துக்கொண்டு நிற்பவர், மதியச் சாப்பாடு சாப்பிட்டிருக்க மாட்டார்.

பெயரைக் கேளுங்கள், உங்கள் பெயரைச் சொல்லுங்கள். கட்டில்களைப் பிரித்துப் போட வேண்டுமா, கூடுதல் தலையணையா, இன்சுலின் மருந்து வைக்கக் குளிர்பெட்டியா, எல்லாவற்றையும் அப்போதே ஒரேமுறையில் சொல்லிவிடுங்கள்.

முதல் நாளே டிப்ஸ் தேவையா? கட்டாயமில்லை. வயதான பெற்றோர், கைக்குழந்தை என்று கூடுதல் வேலை வரும் என உங்களுக்கே தெரிந்தால் ஐந்து, பத்து டாலர் முன்கூட்டிக் கொடுப்பது நியாயம். அந்த வேலையை நீங்கள் மதிக்கிறீர்கள் என்று அவருக்குப் புரியும்.

4. பணத்தை மேசையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்

இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். ஒருமுறை ஒரு அறையில் தண்ணீர் கிளாஸுக்கு அடியில் பத்து டாலர் நோட்டு இருந்தது. நான் கிளாஸைத் தூக்கி, மேசையைத் துடைத்து, நோட்டை அதே இடத்தில் வைத்து, அதன்மேல் புதுக் கிளாஸை வைத்தேன். மறுநாளும் அங்கேயே இருந்தது. மூன்றாம் நாளும் இருந்தது. நான்காம் நாள் அந்த அம்மா என்னை வழிமறித்து, "உனக்காகத்தானே வெச்சேன், ஏன் எடுக்கலை? போதலையா?" என்று வருத்தத்தோடு கேட்டார்.

கப்பல் அறையில் கிடக்கும் பணத்தை ஸ்டூவர்ட் தொடமாட்டார். ஒரு பயணி "என் பணத்தைக் காணோம்" என்று சொன்னால் போதும், அவர் வேலை போய்விடும், அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுவார்கள். ஆகவே கையில் கொடுங்கள். நேரில் பார்க்க முடியாமல் அறையில் வைக்கத்தான் வேண்டும் என்றால் கவரில் போட்டு, மேலே அவர் பெயரையும் "நன்றி" என்றும் ஆங்கிலத்தில் எழுதி, கீழே உங்கள் பெயரையும் அறை எண்ணையும் எழுதுங்கள்.

கவர் என்றதும் ஞாபகம் வருகிறது. நம்மூர் மொய்க் கவர் தாராளமாகச் செல்லும். ஒரு ரூபாய் ஒட்டிய மொய்க் கவரில் ஒரு தமிழ்க் குடும்பம் எனக்கும், என்னோடு வேலை பார்த்த பிலிப்பைன்ஸ்காரருக்கும் ஆளுக்கு இருபது டாலர் கொடுத்தார்கள். நாணயம் வேண்டாம் என்று மேலே சொன்னேன். இந்த ஒரு நாணயம் மட்டும் வேறு கதை. அது எதற்கு என்று அவர் கேட்டார். கணக்கு முடிந்துபோகக் கூடாது, மேலும் வளர வேண்டும் என்று ஒற்றைப்படையில் வைப்போம் என்று சொன்னேன். டாலரை ஊருக்கு அனுப்பிவிட்டு, நாணயத்தோடு அந்தக் கவரைத் தன் படுக்கைக்கு மேலே ஒட்டிவைத்தார். நான் ஒப்பந்தம் முடிந்து இறங்கும்வரை அது அங்கே இருந்தது.

5. நடுவில் வரும் சில்லறைச் செலவுகள்

அறைக்குச் சாப்பாடு கொண்டு வருபவருக்குக் கையில் இரண்டு, மூன்று டாலர். இவர் வேறு ஆள், ஸ்டூவர்ட் இல்லை. பாரில் ஒரு ஜூஸ் வாங்கினாலும் பில்லில் 18 முதல் 20 சதவீதம் டிப்ஸ் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். கீழே காலியாக இருக்கும் கூடுதல் டிப்ஸ் வரியைக் காலியாகவே விட்டுக் கையெழுத்துப் போடலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

6. கூடுதலாக எவ்வளவு?

தினசரித் தொகையை ஒழுங்காகக் கட்டியிருக்கிறீர்கள், வேலையும் வழக்கம்போல நடந்தது என்றால், அதற்குமேல் ஒன்றும் கொடுக்காவிட்டாலும் குறையில்லை. நல்ல கவனிப்பு என்று மனதுக்குப் பட்டால் என் கணக்கு இது: மூன்று, நான்கு இரவுக்கு ஒரு அறைக்கு 10 முதல் 20 டாலர். ஒரு வாரத்துக்கு 20 முதல் 40. இது அறைக்கு, ஆளுக்கு அல்ல.

இதைத் தாண்டிக் கொடுக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. கடல் கொந்தளிக்கும் நாளில் வீட்டில் யாராவது வாந்தி எடுத்திருப்பார்கள். ஸ்டூவர்ட் இரவு பத்து மணிக்கு முகக்கவசம் போட்டு வந்து, தரைவிரிப்பைத் தேய்த்து, படுக்கையை முழுக்க மாற்றி, "பரவாயில்லை அம்மா, இது எல்லாருக்கும் வரும்" என்று சொல்லிவிட்டுப் போவார். அதற்குப் பத்து டாலர் தனியாக, மறுநாளே கொடுங்கள்.

கப்பலில் ஞாயிறு கிடையாது. ஆறிலிருந்து ஒன்பது மாதம் வரை, வாரத்தில் ஏழு நாளும் வேலை. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமும், ஏழு நாளில் 77 மணி நேரமும் ஓய்வு தர வேண்டும் என்கிறது. இந்தியாவும் 2015இல் அதை ஏற்றது. அந்தப் பத்து மணி நேரத்தில்தான் தூக்கம், துணி துவைப்பது, வீட்டுக்குப் போன் பேசுவது எல்லாம்.

7. தினசரித் தொகையை நிறுத்தச் சொல்லாதீர்கள்

"அதை நிறுத்திடுங்க, நான் நேரா கையில கொடுத்துக்கறேன்" என்று சிலர் வரவேற்பு மேசையில் சொல்வார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தத் தொகை ஸ்டூவர்டுக்கு மட்டும் போவதில்லை. உணவறைப் பரிமாறுபவர்கள், உதவியாளர்கள், பல கப்பல்களில் உங்கள் கண்ணிலேயே படாத சலவைக்காரர்கள் வரை பங்கு போகிறது. நான் இருந்த கப்பலில், ஒரு அறை தினசரித் தொகையை நிறுத்தினால், அந்த அறை கையில் கொடுத்த பணத்தை நாங்கள் பொதுக் கணக்கில் கட்ட வேண்டும். நிறுத்தாத அறை கொடுத்தது எங்களுக்கே.

வேலை சரியில்லை என்றால் இரண்டாம் நாளே அவரிடம் சொல்லுங்கள். திருந்தவில்லை என்றால் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள். கடைசி நாள்வரை சும்மா இருந்துவிட்டுப் பணத்தை வெட்டுவதில் உங்களுக்கும் நல்ல அறை கிடைக்கவில்லை, அவருக்கும் காரணம் தெரியவில்லை.

8. கொடுக்கும் நேரம்

கடைசி முழு நாளின் மாலை. ஐந்து மணியிலிருந்து எட்டு மணிக்குள் மாலை வேலைக்காக, அதாவது இரவுக்குப் படுக்கையைத் தயார் செய்ய, ஸ்டூவர்ட் உங்கள் வராண்டாவில்தான் இருப்பார். மாலை வேலை இல்லாத கப்பல் என்றால் அன்று காலையே கொடுத்துவிடுங்கள். இறங்கும் நாள் காலைக்குத் தள்ளிவைத்தால், மேலே சொன்ன 13 நிமிடக் கணக்கில் அவர் ஓடிக்கொண்டிருப்பார், நீங்கள் வரிசையில் நிற்பீர்கள், கவர் உங்கள் பையிலேயே ஊருக்கு வந்துவிடும்.

கொடுக்கும்போது ஒரு வரி சொல்லுங்கள். "என் அம்மாவுக்கு வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தீங்களே, அதை மறக்க மாட்டோம்" என்பதுபோல, எதற்கு என்று சொன்னால் போதும். உதவியாளர் கூட இருந்தால் அவருக்குத் தனிக் கவர். ஒருவரிடம் கொடுத்து "பிரிச்சுக்கோங்க" என்று சொல்வது இருவருக்கும் சங்கடம். பிறகு, பயண முடிவில் வரும் கருத்துப் படிவத்தில் அவர் பெயரைச் சரியான எழுத்தில் எழுதுங்கள். பதவி உயர்வுக்கும் அடுத்த ஒப்பந்தத்துக்கும் மேலதிகாரிகள் அதைப் பார்ப்பார்கள். எனக்கு இரண்டாவது ஒப்பந்தத்தில் நல்ல தளம் கிடைத்தது அப்படி எழுதிய நான்கு குடும்பங்களால்தான்.

ஆசிரியர் வீட்டில் இப்போது மூன்று மொய்க் கவர்கள் தயாராக இருக்கின்றன, பெயர் எழுதும் இடம் மட்டும் காலி. அவருக்குச் சொன்ன கடைசி விஷயம் உங்களுக்கும்: கவரையும் பேனாவையும் பெரிய பெட்டியில் வைக்காதீர்கள். கடைசி இரவு பெட்டிகளை அறைக்கு வெளியே வைத்துவிடச் சொல்வார்கள், அவை அப்படியே கீழே போய்விடும். கைப்பையில், பாஸ்போர்ட்டோடு சேர்த்து வையுங்கள்.