தகரக் கூரைக்குக் கீழே பாட்டு ரெக்கோர்டிங்

ஹட்டன், வட்டவளை, மஸ்கெலியா பக்கம் வீட்டிலேயே பாட்டு எடுக்க நினைப்பவர்கள் முதலில் மைக்கின் விலையை விசாரிக்கிறார்கள். அதற்கு முன் விசாரிக்க வேண்டியது மழையை. தகரத்தில் விழும் மழை, கீழ்ச்சுரத்திலிருந்து உச்சிவரை எல்லா அதிர்வெண்ணிலும் பரவிய இரைச்சல். மின்சார உறுமலைப் பிறகு வடிகட்டிவிடலாம். மழையை வடிகட்டப் போனால் பாடகரின் மூச்சும் ‘ச’, ‘ஷ’ ஓசைகளும் அதோடு கழன்று, குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும்.

ஆகவே வேலையை மழையைப் பார்த்துப் பிரியுங்கள். மேற்குச் சரிவுத் தோட்டங்களில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. பதுளை, பண்டாரவளைப் பக்கம் அந்த மாதங்கள் ஓரளவு காய்ந்திருக்கும்; அங்கே ஆண்டின் கடைசி மாதங்கள்தான் தொல்லை. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடியோடு வரும் மழை, காலையைப் பெரும்பாலும் விட்டுவைக்கும். மழை நாளில் மெட்டு போடுவது, வரி எழுதுவது, கீபோர்டை வயரில் நேரடியாக எடுப்பது என மைக் வேண்டாத வேலைகளைச் செய்யுங்கள். மைக்கைத் திறக்கும் வேலை எல்லாம் காய்ந்த காலைக்கு.

பாட்டு முடியாமல் மைக் வேண்டாம்

மெட்டு தோன்றியதும் போனில் முனகி வைத்துவிடுங்கள். கோப்புக்குப் பெயர் கொடுங்கள். ‘புதிய பதிவு 47’ என்று கிடந்தால் அடுத்த மாதம் கண்டுபிடிக்க முடியாது. வரி எழுதும்போது மெட்டு நீண்டு நிற்கும் இடத்தில் நெடில் விழுகிறதா என்று பாடிப் பாருங்கள். ‘மலை’யின் முதல் எழுத்தை இழுத்தால் கேட்பவர் காதில் ‘மாலை’ விழும். அதேபோல் ‘ட்ட’, ‘க்க’ வரும் இடத்தில் ஓசை தானாக வெட்டுப்படும். அங்கே நீண்ட கார்வையை (இழுத்து நிறுத்தும் சுரத்தை) வைத்தால் பாடகர் ஒவ்வொரு முறையும் தடுக்கித்தான் விழுவார். சொல்லை மாற்றுங்கள், அல்லது மெட்டை உடையுங்கள்.

சுருதியைப் பல்லவியை வைத்துத் தீர்மானிப்பது பரவலாக நடக்கும் தவறு. பாட்டின் உச்ச சுரம் பெரும்பாலும் சரணத்தில்தான் இருக்கும். அந்த ஒரு வரியைப் பத்துத் தடவை தொடர்ந்து பாட முடிகிற கட்டைதான் (சுருதியின் உயர அளவு) சரியான கட்டை. ரெக்கோர்டிங்கில் உண்மையில் அத்தனை தடவை பாட வேண்டிவரும். ஆண் குரல் பொதுவாக ஒன்று முதல் இரண்டு கட்டைக்குள்ளும், பெண் குரல் ஐந்து முதல் ஆறரைக்குள்ளும் அமையும். குளிர் காலையில் குரல் தாழ்ந்து நிற்கும் என்பதால் எழுந்தவுடன் கட்டை பார்க்காதீர்கள். பாடுவதற்கு முன் வெந்நீர் நல்லது. பிளேன்டியும் பரவாயில்லை, பால் தேத்தண்ணி வேலை முடிந்த பிறகு.

முன்பாட்டு, பின்பாட்டு என்று போகும் பாட்டானால் கூட்டம் வரியை எடுக்கும் இடத்தில் அரைத் தட்டாவது மூச்சுக்கு விடுங்கள். எழுதும்போது தனியாளாகப் பாடிப் பார்ப்பதால் இது கண்ணில் படாது. ஆறு பேர் பாடும்போது எல்லோரும் முதல் எழுத்தை விழுங்கிவிடுவார்கள்.

காம்பரா

லயத்துக் காம்பரா, அதாவது தோட்டத்து வரிசை வீட்டின் அறை, பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. இந்த அளவு அறையில் 47, 56 ஹெர்ட்ஸ் அளவிலான கீழ்ச்சுரங்கள் சுவர்களுக்கிடையே சிக்கி முழங்கும். இதை எந்தத் துணியாலும் அடக்க முடியாது. குரலுக்கு அதனால் பாதிப்பு இல்லை. ஆனால் அந்த அறையில் ஸ்பீக்கர் வைத்து பேஸ் அளவைத் தீர்மானிக்கக் கூடாது.

குரலைக் கெடுப்பது வெறுஞ்சுவரில் பட்டுத் திரும்பும் மேல் ஓசைகள். அதற்கு மருந்து வீட்டிலேயே இருக்கிறது: கம்பளி. பலரும் அதை மைக்கின் பின்னால் தொங்கவிடுகிறார்கள். பாடகர்களுக்கான மைக் பெரும்பாலும் முன்பக்க ஓசையையே அதிகம் வாங்கும். அப்படியானால் அது பார்த்துக்கொண்டிருப்பது பாடுபவரையும் அவருக்குப் பின்னால் இருக்கும் சுவரையும். முதல் இரண்டு கம்பளி பாடுபவரின் முதுகுக்குப் பின்னால், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, கொடிக்கயிற்றில் இரட்டையாக மடித்துத் தொங்க வேண்டும். மூன்றாவது இருந்தால் பக்கவாட்டில். தரை சிமெந்தானால் சாக்கு விரியுங்கள். அறையின் நட்டநடுவில் நிற்காமல் ஒரு பக்கமாகத் தள்ளி நில்லுங்கள்.

பக்கத்து வீட்டுச் சுவர் கூரைவரை எழும்பாத லயங்களில் அங்கே ஓடும் டிவி உங்கள் பாட்டிலும் ஓடும். இதற்குக் கருவி கிடையாது, நேரம்தான். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டு முடிந்து ஆட்கள் மலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு, பகல் சாப்பாட்டுக்குத் திரும்பும்வரை கிடைப்பதுதான் லயத்தின் அமைதி. இரவு அமைதி என்று நினைப்பீர்கள். நாயும் தவளையும் மைக்கில்தான் தெரியவரும். கோயில் திருவிழாத் தேதியையும் முன்கூட்டிக் கேட்டுவையுங்கள். ஒலிபெருக்கி கட்டிய வாரத்தில் ஒரு வரிகூட எடுக்க முடியாது.

மைக்கும் ஈரமும்

விளம்பரத்தில் அழகாகத் தெரிவது கண்டென்சர் மைக். ஆனால் நேர்த்தி செய்யாத அறையில் அது கூரை, கோழி, அடுப்படி எல்லாவற்றையும் அள்ளிவரும். போதாததற்கு அதன் உள்ளே இருக்கும் மெல்லிய தகடு ஈரத்தில் படபடவென்று வெடிப்புச் சத்தம் போடும். லயத்து வீட்டுக்கு முதல் மைக்காக டைனமிக் மைக்கே எங்கள் பரிந்துரை; மேடையில் பாடும் எஸ்எம்58 வகை போதும். வாய்க்கும் மைக்குக்கும் நாலு விரல் இடைவெளி, ‘ப’கர வெடிப்பு நேரே படாமல் சற்றுச் சாய்த்து. கண்டென்சர்தான் கையில் இருக்கிறது என்றால் ஒரு சாண் தூரமும் நடுவில் அந்த வெடிப்பைத் தடுக்கும் ஒரு பொப் பில்டரும் வேண்டும். எம்ப்ராய்டரி வளையத்தில் பழைய நைலோன் காலுறையை இழுத்துக் கட்டினாலும் அதே வேலை செய்யும்.

வேலை முடிந்ததும் மைக்கை இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். நிறம் மாறும் வகை நல்லது, எப்போது மாற்றுவது என்று அதுவே காட்டிவிடும். அரிசிக்குள் புதைத்து வைப்பது வேண்டாம், தூசி உள்ளே போகும். நுவரெலியாக் குளிரில் கிடந்த மைக்கை எடுத்தவுடன் பாடினால் மூச்சு அதன்மேல் நீராகப் படியும். அரை மணி நேரம் முன்னதாக அறைக்குள் எடுத்து வையுங்கள்.

போன் மட்டும்தான் இருக்கிறதா? அதிலும் எடுக்கலாம். வேவ் கோப்பாகப் பதியும் செயலியைப் போட்டு, இரைச்சல் நீக்கும் வசதியை அணைத்து, விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள். கையில் பிடிக்காமல் மடித்த துணியின்மேல், வாயிலிருந்து ஓரடி தூரத்தில் வையுங்கள்.

எடுக்கும் முறை

லெப்டொப்பைச் சார்ஜரிலிருந்து கழற்றி பற்றரியில் ஓடவிடுங்கள். ஹெட்போனில் கேட்கும் உறுமலில் பாதி அத்தோடு நின்றுவிடும்; இங்கத்தைய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், உறுமலும் அங்கேயும் அதன் இரட்டிப்பான 100லும்தான் உட்காரும். இடி முழங்கினால் சுவிட்சை அணைப்பது போதாது, ப்ளக்கையே இழுத்துவிடுங்கள்.

மென்பொருளில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஓடசிட்டி இலவசம், பல ட்ரெக் வைத்து வேலை செய்ய ரீப்பர் வசதி. பாட்டின் உரத்த வரியைப் பாடவைத்து, மைக் ஒலியை உள்ளே எடுக்கும் அளவான கெய்னைத் திருப்புங்கள். ஒலியளவு காட்டும் முள் மைனஸ் 12 டெசிபெலுக்கும் மைனஸ் 6க்கும் இடையில் நிற்க வேண்டும். பாடகர் மெதுவாகச் சோதித்துவிட்டு உண்மையான டேக்கில் உரக்கப் பாடுவது வழக்கம். ஒருமுறை உடைந்த ஒலியை ஒட்டவைக்க முடியாது.

ஹெட்போன் வயர் உள்ளதாகவே இருக்கட்டும். புளூடூத்தில் ஓசை தாமதமாகத்தான் காதுக்கு வரும். பாடுபவர் தாளத்துக்குப் பின்னால் இழுப்பார், பழி அவர்மேல் விழும். பதியும்போது மென்பொருளில் பஃபரை (கணினி ஒலியைத் தேக்கிவைத்து அனுப்பும் அளவை; சிறிதானால் தாமதம் குறையும்) 128க்கு இறக்குங்கள், கலக்கும்போது 1024க்கு ஏற்றுங்கள்.

முதலில் கிளிக்கோடு, அதாவது வேகம் காட்டும் தட்டொலியோடு, ஒரு மாதிரிக் குரல். நாட்டார் நடையில் போகும் பாட்டுக்குக் கிளிக்கை நாலு தட்டாக வைத்தால் அழுத்தம் தவறான இடத்தில் விழுந்து ஆளைக் குழப்பும். ஆறு தட்டாக வையுங்கள். அடுத்தது தாளம், பிறகு ஆர்மோனியம், கிட்டார், கீபோர்ட். ஆர்மோனியத்தின் சுருதியைத் திருப்ப முடியாது. பழைய பெட்டி ஈரத்தில் சற்று ஏறியோ இறங்கியோ இருக்கும். ட்யூனர் செயலியில் அளந்து, கீபோர்டையும் கிட்டாரையும் அந்த அளவுக்கு மாற்றுங்கள். கடைசியில்தான் உண்மையான குரல்: முழுப்பாட்டாக மூன்று டேக், அதன்பின் பிசகிய வரிகள் மட்டும். நல்லதைத் தேர்ந்து ஒட்டும்போது வரிவரியாக எடுங்கள். சொல் சொல்லாக வெட்டினால் மூச்சு தாறுமாறாகும். ஒவ்வொரு அமர்விலும் யாரும் பேசாமல் இருபது விநாடி அறையின் ஓசையைப் பதியுங்கள். வெட்டிய இடைவெளிகளை நிரப்ப அது தேவைப்படும்.

தப்பு

மலையகப் பாட்டில் தப்பை (குச்சியால் அடிக்கும் தோல் பறையை) லூப்பாக, ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் போடுவது சுலபம், கேட்டதும் தெரிந்தும்விடும். நேரில் எடுப்பதுதான் சரி, காம்பராவுக்குள் வேண்டாம். சின்ன அறையில் தப்பு ஒரே குழம்பலாக முழங்கும். சுவர் எதுவும் பக்கத்தில் இல்லாத வெளியில், காற்றில்லாத காலையில், மைக்குக்கு நுரை உறை போட்டு எடுங்கள். ஒன்று முதல் ஒன்றரை மீற்றர் தூரம், தோலுக்கு நேராக அல்லாமல் சற்றுச் சாய்வாக. முன்பக்கம் குச்சியின் வெட்டும் பின்பக்கம் தோலின் கனமும் கேட்கும். இரண்டு மைக் இருந்தால் பின்பக்க ட்ரெக்கின் போலரிட்டியை (ஒலி அலையின் மேல்கீழ் திசையை) மென்பொருளில் திருப்பிப் பாருங்கள். எது கனமாகக் கேட்கிறதோ அதை வையுங்கள்.

மலைக் காற்றின் ஈரத்தில் தோல் சீக்கிரம் தளரும். காய்ச்சியவுடன் எடுத்த டேக்கும் கொஞ்ச நேரம் கழித்து எடுத்ததும் ஒட்டாது. ஆகவே இரண்டு டேக்குக்கு ஒருமுறை மறுபடி காய்ச்சுங்கள். நெருப்பு பக்கத்தில் இருக்கட்டும், ஆனால் விறகு வெடிக்கும் சத்தம் மைக்குக்கு எட்டாத தூரத்தில். அடிப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்து அடிப்பவர்கள். எல்லோருக்கும் ஹெட்போன் மாட்டினால் உயிர் போய்விடும். முன்னடி அடிப்பவருக்கு மட்டும் கிளிக் கொடுங்கள். அவரும் சிரமப்பட்டால் கிளிக்கைத் தூக்கிவிட்டு, தப்பை முதலில் எடுத்து மற்றவற்றை அதன்மேல் கட்டுங்கள்.

கலப்பது, அனுப்புவது

குரலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். டப்பாவுக்குள் பாடியதுபோல் இருந்தால் 250 முதல் 400 வரை இரண்டு மூன்று டெசிபெல் குறையுங்கள். உரத்த இடங்களை அடக்கும் கொம்ப்ரஸர் மூன்றுக்கு ஒன்று, உரத்த இடங்களில் நாலைந்து டெசிபெல் இறங்கினால் போதும். ரிவர்ப்பை, அதாவது எதிரொலி முழக்கத்தைக் கொட்டுவது எங்கள் பக்கத்து நோய். சொல் புரியாத அளவுக்குப் போனால் பாதியாக்குங்கள். பேஸ் அளவை ஹெட்போனிலும், போன் ஸ்பீக்கரிலும், ஓட்டோவின் பெட்டியிலும் போட்டுக் கேட்டு முடிவெடுங்கள். இணையத்துக்குப் போகும் பிரதி மைனஸ் 14 லஃப்ஸ் (முழுப் பாட்டின் சராசரி உரப்பைக் காட்டும் அலகு) அளவில், உச்சம் மைனஸ் 1 டெசிபெலைத் தாண்டாமல் இருந்தால் தளங்கள் அதிகம் கைவைக்காது.

கொழும்பில் இருக்கும் கூட்டாளியிடம் புல்லாங்குழலோ மிக்ஸிங்கோ கேட்பதானால், நாலு நிமிட ஒற்றை ட்ரெக் சுமார் 35 எம்பி வரும். வட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பினால் ஓசை நசுங்கிவிடும், ஆவணமாக அனுப்புங்கள். எல்லா ட்ரெக்கும் பாட்டின் பூச்சிய விநாடியிலிருந்தே தொடங்கட்டும், பெயரில் கட்டையும் வேகமும் இருக்கட்டும். இன்னொரு பிரதியை வன்தட்டில் ஏற்றி வேறு வீட்டில் வையுங்கள்.