பகலின் பாரமும் இரவின் நெருக்கமும்: தம்பதியருக்கு ஒரு வழிகாட்டி

காரைக்குடியில் கடையை அடைத்துவிட்டு இரவு பத்து மணிக்கு வீடு திரும்பும் கணவர், அன்று வசூலாகாத பாக்கியையும் நாளை கட்ட வேண்டிய தவணையையும் நெஞ்சில் சுமந்தபடி வருகிறார். விடியற்காலை முதல் மாமனாருக்கு மருந்து, பிள்ளைகளுக்குப் பாடம், கல்யாணத்துக்கு அழைக்க வந்த உறவினருக்குப் பலகாரம் என்று கால் நோக நின்ற மனைவியின் பாரமும் அதற்குக் குறைந்ததன்று. அறைக்கதவைத் தாழிட்ட பிறகு, உடலுறவு கொண்டால் மனம் இலேசாகும் என்று ஒருவருக்குத் தோன்றுகிறது. படுத்து உறங்கினால் போதும் என்று மற்றவருக்குத் தோன்றுகிறது. இரண்டுமே இயல்பானவை. இவ்விரண்டையும் எப்படிப் பொருத்துவது, உடலுறவு எப்போது உளைச்சலை உண்மையாகவே தணிக்கும், எப்போது வலியை மறைக்கும் மாத்திரையாக மட்டும் நின்றுவிடும் என்பதை இங்கே எழுதுகிறேன். மணமாகிப் பல ஆண்டுகள் ஆனவர்களும் யாரிடமும் கேட்கக் கூசும் செய்தி இது என்பதால், சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல்லைப் பிரித்துக்கொள்வோம். வேலையாலும் கடனாலும் வரும் உளைச்சலையும், வாரக்கணக்கில் நீடித்து எதிலும் நாட்டமில்லாமல் செய்யும் மனச்சோர்வு நோயையும் நாம் ‘மன அழுத்தம்’ என்ற ஒரே பெயரால் அழைக்கிறோம். நான் பேசுவது முதலாவதைப் பற்றி. இரண்டாவதற்கு மருத்துவம் வேண்டும். உடலுறவு அதற்கு மருந்தாகாது.

உடலில் நடப்பது

உளைச்சல் வந்தவுடன் சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் அட்ரினலின், கார்ட்டிசோல் என்னும் சுரப்புகளை இரத்தத்தில் விடுகின்றன. இதயம் விரைகிறது, தசைகள் இறுகுகின்றன, உடல் சண்டைக்கோ ஓட்டத்துக்கோ ஆயத்தமாகிறது. பாலுணர்வு எழுவதற்கு வேண்டியது இதற்கு நேர்மாறான நிலை: ஓய்வுக்குரிய நரம்புகள் பொறுப்பேற்று, பிறப்புறுப்புகளுக்கு இரத்தம் தாராளமாகப் பாய வேண்டும். ஆகவே கடன்காரரின் தொலைபேசி அழைப்பை வைத்துவிட்டு வந்த கணவருக்கு விறைப்பு வராமல் போவதும், நோயாளியைப் பார்த்துவிட்டு வந்த மனைவிக்கு ஈரம் சுரக்காமல் போவதும் அன்பின் குறைவால் அல்ல. இதை ஒருவர்க்கொருவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாலே பாதிப் புண் ஆறிவிடும்.

எல்லோருக்கும் ஆசை குறைவதுமில்லை. அமெரிக்காவின் பாலியல் ஆய்வு அமைப்பான கின்சி நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் பான்கிராஃப்ட்டும் எரிக் ஜான்சென்னும் முன்வைத்த விளக்கப்படி, பாலுணர்வைத் தூண்டும் அமைப்பு ஒன்றும் தடுக்கும் அமைப்பு ஒன்றும் மூளையில் தனித்தனியே இயங்குகின்றன. இவற்றின் அளவு ஆளுக்கு ஆள் மாறுகிறது. கவலை வந்தால் பெரும்பாலோருக்குத் தடை இறுகுகிறது, சிலருக்கோ ஆசை கூடுகிறது. ஒரு வீட்டில் கணவர் ஒரு வகையாகவும் மனைவி மறு வகையாகவும் இருந்துவிட்டால், ஒருவர் ‘என்னை விலக்குகிறாள்’ என்றும் மற்றவர் ‘என் நிலைமை இவருக்குப் புரியவில்லை’ என்றும் நினைத்து வருந்துகிறார்கள். நீங்கள் எந்த வகை என்பதைச் சண்டையில்லாத ஒரு நாளில் பேசி அறிந்துகொள்ளுங்கள்.

கூடிய பின் வரும் அமைதிக்கும் காரணம் உண்டு. உச்சத்துக்குப் பிறகு ப்ரோலாக்டின் என்னும் சுரப்பு உயர்கிறது, தசைகள் தளர்கின்றன, பலருக்கு உறக்கம் எளிதாக வருகிறது. ஆயினும் தணிவு தொடுகையிலிருந்தே தொடங்கிவிடுகிறது என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வொன்றில், மதிப்பிடுவோர் முன் பேசச் சொல்லிப் பெண்களை உளைச்சலுக்கு உள்ளாக்கினார்கள். அதற்கு முன் துணைவர் கழுத்தையும் தோளையும் பிடித்துவிட்ட பெண்களுக்குக் கார்ட்டிசோலும் இதயத் துடிப்பும் குறைவாகவே ஏறின. வாயால் மட்டும் ஆறுதல் சொல்லப்பட்டவர்களுக்கு அந்தப் பயன் கிட்டவில்லை. உடலுறவுக்கு இருவரில் ஒருவருக்கு மனமில்லாத இரவிலும், இளஞ்சூட்டு நல்லெண்ணெயும் கால்மணி நேரமும் இருந்தால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

அணுகும் முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி

மனிதர்கள் எதற்காக உடலுறவு கொள்கிறார்கள் என்று உளவியல் ஆய்வாளர்கள் சிண்டி மெஸ்டனும் டேவிட் பஸ்ஸும் 2007-இல் தொகுத்த பட்டியலில் 237 காரணங்கள் இருந்தன. உளைச்சலைத் தணிப்பதும் அவற்றுள் ஒன்று. ஆக, அந்த நோக்கத்தில் வெட்கப்படுவதற்கு எதுவுமில்லை. எமிலி இம்பெட்டும் உடன் ஆய்வாளர்களும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு வேறுபாட்டைக் காட்டியது. நெருக்கத்தையும் மகிழ்ச்சியையும் நாடிக் கூடிய நாள்களில் மனநலமும் உறவும் மேம்பட்டன. துணையின் கோபத்தைத் தவிர்க்க, சண்டை வராமலிருக்கக் கூடிய நாள்களில் அப்படி நிகழவில்லை.

இதை நாம் வீட்டில் சோதித்துக்கொள்ள ஒரு கேள்வி போதும்: ‘இன்று வேண்டாம் என்று பதில் வந்தால் என் மனம் என்ன ஆகும்?’ சிறு ஏமாற்றத்தோடு, சரி, பக்கத்தில் படுத்துக்கொள்வோம் என்று தோன்றினால் நீங்கள் நாடுவது துணையை. உள்ளே சினம் பொங்குமானால் நீங்கள் நாடுவது வலியை மறைக்கும் மாத்திரையை. அந்த இரவில் கேட்காமலிருப்பது நல்லது. எழுந்து முகம் கழுவிவிட்டு, வீட்டின் உள்முற்றமான வளவில் பத்து நிமிடம் நடந்தால் அந்த வேகம் இறங்கும்.

எண்ணிக்கையை நினைத்தும் வருந்த வேண்டாம். கனடாவில் எமி மியூஸ் தலைமையில் 2015-இல் வெளியான ஆய்வு, 30,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் தரவுகளைப் பார்த்து, தம்பதியரிடையே வாரம் ஒரு முறை வரை மனநிறைவு கூடுகிறது என்றும் அதற்கு மேல் கூடுவதில்லை என்றும் கண்டது. அதே ஆண்டில் வெளியான கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வில், 64 தம்பதியரில் ஒரு பாதியினரை மூன்று மாதம் உடலுறவை இரட்டிப்பாக்கச் சொன்னார்கள். அவர்களுடைய மகிழ்ச்சி கூடவில்லை. சற்றுக் குறைந்தது, ஆசையும் குறைந்தது. சொல்லிச் செய்யும் கடமையானால் உடல் ஒத்துழைக்க மறுக்கிறது.

இடமும் நேரமும்

பழைய செட்டிநாட்டு வீடுகளில் மணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவை ஒட்டி அறை ஒதுக்கி, சில காலத்தில் ‘வேறு வைத்து’, தனி அடுப்பும் தனிச் செலவும் கொடுத்தார்கள். பெரிய குடும்பத்துக்குள்ளேயே இருவருக்கென ஓர் எல்லை வகுத்த அந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். இன்று அறை இருக்கிறது, எல்லை கரைந்துவிட்டது. ஆத்தா கூப்பிடுவார், பிள்ளை வந்து படுப்பான், தலைமாட்டில் கைபேசி ஒளிரும். வாரத்தில் ஓர் இரவையாவது பிள்ளைகளை அப்பத்தாவோடு உறங்கச் சொல்லுங்கள். கைபேசிகளை வெளியே பட்டாலைத் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போங்கள். கதவைத் தாழிடுவதற்குப் பெரியவர்களிடம் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

அன்று இரவு உணவை முன்னதாகவும் அளவாகவும் முடித்துக்கொள்ளுங்கள். குளித்த பின், பகலின் பாரத்தை இருவரும் ஆளுக்குப் பத்து நிமிடம் சொல்லட்டும். கேட்பவர் தீர்வு சொல்லாமல் கேட்கட்டும். பிறகு பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு, இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கும்படி சில நிமிடங்கள் மூச்சு விடுங்கள். உளைச்சல் இறங்குவதற்கு உடலுக்கு இந்த இடைவெளி தேவைப்படுகிறது. மதுவை இதற்குக் குறுக்குவழியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது விறைப்பையும் உணர்வையும் உறக்கத்தையும் ஒருசேரக் கெடுக்கும்.

கேட்கும் முறைக்கு வருவோம். “இன்னிக்கு மனசு ரொம்பக் கனமா இருக்கு, பக்கத்துல இருக்கியா?” என்று கேட்டால், பதில் சொல்பவருக்குப் பல வழிகள் திறந்திருக்கும். “முதுகை மட்டும் தேச்சு விடுங்க, அதுக்கு மேல இன்னிக்கு முடியாது” என்று அவர் சொன்னால் அதையும் முழுமையான பதிலாக ஏற்க வேண்டும். தேய்க்கத் தொடங்கிவிட்டு மெல்ல வேறு பக்கம் நகர்த்துவது நம்பிக்கையைக் கெடுக்கும். பேசாமலிருப்பது சம்மதம் அன்று. திருமணமும் நிரந்தரச் சம்மதம் அன்று. வற்புறுத்தல் தொடருமானால், 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பாலியல் கொடுமையையும் வன்முறையாகவே கொள்கிறது என்பதையும், பெண்கள் 181 என்ற எண்ணில் உதவி கேட்கலாம் என்பதையும் அறிந்திருங்கள்.

‘முடியுமோ முடியாதோ’ என்ற பயமே தடையாகிவிட்ட தம்பதியருக்கு, அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர்கள் வில்லியம் மாஸ்டர்ஸும் வர்ஜீனியா ஜான்சனும் 1970-இல் விவரித்த பயிற்சி இன்றும் கைகொடுக்கிறது. சில வாரங்களுக்கு உடலுறவு இல்லை என்று இருவரும் முன்கூட்டியே உறுதி செய்துகொள்ள வேண்டும். ஒருவர் கால்மணி நேரம் தொட, மற்றவர் எது இதமாக இருக்கிறது என்று மட்டும் சொல்ல வேண்டும். பிறகு முறை மாற வேண்டும். முதல் கட்டத்தில் மார்பையும் பிறப்புறுப்புகளையும் தொடுவதில்லை; அவசரமில்லாமல் அடுத்தடுத்த கட்டங்களில் சேர்த்துக்கொள்ளலாம். தேர்வு எழுதும் பயம் நீங்கினால் உடல் தானாகவே பதில் சொல்லத் தொடங்குகிறது.

கூடி முடித்தவுடன் கைபேசியை எடுக்காமல் பத்து நிமிடம் சேர்ந்தே படுத்திருங்கள். மணம் செய்யவேண்டிய தங்கையைப் பற்றியும் ஒழுகும் கூரையைப் பற்றியும் காலையில் பேசிக்கொள்ளலாம்.

பிரிந்து வாழ்பவர்கள்

கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன முன்னோர் பர்மாவிலும் மலாயாவிலும் மூன்று ஆண்டுகள் போல் இருந்து திரும்பினார்கள். இன்று சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வேலை செய்பவர்கள் ஒரு மாத விடுப்பில் வருகிறார்கள். அந்த ஒரு மாதத்துக்குள் எல்லாவற்றையும் அடைந்துவிட வேண்டும் என்ற எண்ணமே பெரிய உளைச்சல். முதல் இரண்டு மூன்று நாள்களை உறவுக்கு என்று குறிக்காமல், சேர்ந்து உண்பதற்கும் ஒருவர் உடலின் அருகே மற்றவர் பழகுவதற்கும் விட்டுவிடுங்கள்.

தனித்திருக்கும் காலத்தில் சுய இன்பத்தால் உளைச்சலைத் தணித்துக்கொள்வதால் உடலுக்குக் கேடில்லை. விந்து போனால் வலிமை போகும் என்ற அச்சம் நம் நாட்டில் எத்தனை இளைஞர்களை வாட்டுகிறது என்பதற்கு, மனநல மருத்துவர் என். என். விக் 1960-இல் அந்த அச்சத்தால் வரும் நோய்க்குறிகளுக்கே ‘தாது’ என்ற சொல்லால் பெயரிட்டதே சான்று. இந்த அச்சத்தை விற்றுத்தான் விடுதி அறைகளில் முகாமிடுபவர்கள் லேகியம் விற்கிறார்கள். அவர்களிடம் பணத்தோடு மனநிம்மதியையும் இழந்தவர்களை நினைத்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது. மூலிகை என்று விற்கப்படும் இத்தகைய மருந்துகள் சிலவற்றில் விறைப்புக் குறைவுக்குத் தரப்படும் சில்டெனாஃபில் கலந்திருப்பது பல நாடுகளில் கண்டறியப்பட்டிருக்கிறது; நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் அதை அறியாமல் உட்கொண்டால் இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்

உளைச்சல் வந்தால் உடலுறவு, சுய இன்பம், ஆபாசப் படம் என்பவற்றைத் தவிர வேறு வழியே இல்லை என்றாகி, வேலையும் உறவும் கெட்டும் நிறுத்த இயலாமல் ஆறு மாதமோ அதற்கு மேலோ நீடித்தால், அதை நோயாகக் கருதி உதவி நாடலாம். 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் இதைக் கட்டாயப் பாலியல் நடத்தைக் கோளாறு என்று குறிப்பிடுகிறது. குற்றவுணர்வு இருப்பது மட்டுமே இந்நோய்க்கு அடையாளமாகாது என்றும் அதே பட்டியல் தெளிவாகச் சொல்கிறது.

ஆசை முற்றிலும் வற்றிப்போனாலும் ஆராய வேண்டும். நீரிழிவு, தைராய்டு, மகப்பேற்றுக்குப் பிந்திய மாதங்கள், மாதவிடாய் நின்ற பின் வரும் வறட்சியும் வலியும், சில இரத்த அழுத்த மாத்திரைகள், சில மனச்சோர்வு மாத்திரைகள் ஆகியவை எல்லாம் காரணமாகலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மருத்துவர் மாற்றித் தர இயலும். விறைப்புக் குறைவு இதய இரத்தக்குழாய் நோயின் முன்னறிகுறியாகவும் இருக்கலாம் என்பதால், நாற்பது வயதைக் கடந்தவர்கள் அதைக் கூச்சத்தால் மறைக்க வேண்டாம்.

மனநல ஆலோசனைக்கு, அரசின் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416-ஐ எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம். நேரில் பார்க்க விரும்பினால் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லலாம். போகும்போது உண்ணும் மருந்துச் சீட்டுகள் அனைத்தையும் எடுத்துக்கொண்டு, எப்போது தொடங்கியது, உறக்கம் எப்படி, அதிகாலையில் விறைப்பு வருகிறதா, உறவின்போது வலி இருக்கிறதா என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, துணையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் அந்தத் தாளை மருத்துவரிடம் அப்படியே நீட்டிவிடலாம்.