மருந்துச் செலவைக் குறைக்க: மருத்துவரின் மேசையிலேயே தொடங்குங்கள்

சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதந்தோறும் மாத்திரை வாங்குபவர்கள், தள்ளுபடி தரும் கடையைத் தேடி அலைவதற்கு முன், மருத்துவரிடம் ஒரு கேள்வியைக் கேட்டுவிட வேண்டும்: "இதை ஜெனரிக் பெயரில் எழுதித் தர முடியுமா, டாக்டர்?" ஜெனரிக் பெயர் என்பது நிறுவனம் சூட்டும் பிராண்ட் பெயரன்று, மருந்தின் சொந்தப் பெயர். சீட்டில் ஒரு நிறுவனத்தின் பிராண்ட் பெயர் எழுதப்பட்டிருந்தால், அதே மருந்து வேறு பெயரில் பாதி விலைக்குக் கிடைத்தாலும், கடைக்காரர் தாமாக அதை மாற்றிக் கொடுக்க 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகள் இடம் தருவதில்லை. நடைமுறையில் மாற்றிக் கொடுக்கும் கடைகள் உண்டு. ஆனால் அப்படித் தருவது உங்களுக்கு மலிவானதா, கடைக்கு லாபமானதா என்பது வேறு விஷயம்.

மருத்துவர்கள் ஜெனரிக் பெயரில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016இலேயே விதியைத் திருத்தியது. அதைத் தண்டனையோடு கட்டாயமாக்கிய, அந்தக் கவுன்சிலுக்குப் பதிலாக வந்த தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 ஆகஸ்ட் விதிமுறைகள், இந்திய மருத்துவச் சங்கத்தின் எதிர்ப்புக்குப் பின் அதே மாதம் 23ஆம் தேதி நிறுத்தி வைக்கப்பட்டன. தரத்துக்கு உத்தரவாதம் இல்லாத நிலையில், மருந்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு மருத்துவரிடமிருந்து கடைக்காரருக்குப் போய்விடும் என்பது சங்கத்தின் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அதற்குத் தீர்வு தரப் பரிசோதனையைக் கூட்டுவதே தவிர, நோயாளியை விலையுயர்ந்த பிராண்டில் கட்டிப்போடுவதன்று.

அடுத்து, வீட்டில் உள்ள மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பிராண்ட் பெயரோடு 'டெல்மிசார்ட்டன் 40 மி.கி.' என்பதுபோல மருந்தின் பெயரும் அளவும் இருக்கும். அவற்றை அப்படியே குறித்துக்கொண்டு, தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையத்தின் 'பார்மா சஹி தாம்' செயலியில் தேடினால், அந்த ஆணையம் விதித்த உச்சவரம்பு விலையையும் பிற நிறுவனங்களின் விலையையும் பார்க்கலாம். இந்த உச்சவரம்பைப் பெரிதாக நம்பிவிட வேண்டாம். 2013ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, சந்தையில் 1 சதவீதமாவது பங்குள்ள பிராண்டுகளின் சராசரி விலையோடு சில்லறைக் கடைக்காரரின் லாபமாக 16 சதவீதம் சேர்த்து அது கணக்கிடப்படுகிறது. உற்பத்திச் செலவு கணக்கில் வருவதில்லை. அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இல்லாத மருந்துகளுக்கோ உச்சவரம்பே கிடையாது. ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் விலையேற்றக் கூடாது என்பதோடு சரி. இரண்டு மருந்துகளைச் சேர்த்த கூட்டு மாத்திரைகள் பலவும் பட்டியலுக்கு வெளியே இருப்பதால், தனித்தனியாக வாங்கினால் குறையுமா என்று கணக்கிட்டு, மருத்துவரிடம் கேளுங்கள்.

ஜெனரிக் சீட்டு கையில் இருந்தால் மத்திய அரசுத் திட்டமான மக்கள் மருந்தகத்திலோ (ஜன் ஔஷதி), தமிழ்நாட்டில் 2025 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட முதல்வர் மருந்தகத்திலோ விசாரிக்கலாம். எங்கு வாங்கினாலும், அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் வரி என்று தனியாகக் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை, ஜி.எஸ்.டி. அதற்குள்ளேயே அடக்கம். அட்டையை வெட்டி நான்கு மாத்திரை தந்தால், நான்குக்குரிய விலையைத்தான் வாங்க வேண்டும்.

வலிப்புக்கான பெனிடோயின், தைராய்டுக்கான லெவோதைராக்சின், இரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின் போன்றவற்றை மட்டும், விலை எவ்வளவு குறைந்தாலும், மருத்துவருக்குத் தெரியாமல் நிறுவனம் மாற்றி வாங்காதீர்கள். இவற்றில் அளவின் சிறு வேறுபாடும் உடலில் தெரியும் என்பதால், மாற்றிய பின் இரத்தப் பரிசோதனை தேவைப்படலாம்.