சுங்க விடுவிப்பு நேரம்: மைனஸ் கணக்கைச் சரிசெய்தது எப்படி

இறக்குமதிச் சரக்கு வந்ததிலிருந்து கேட் தாண்டும் வரை ஆகும் நேரத்தை ஒரே எண்ணாக அளந்ததுதான் முதல் தவறு. ஐந்து புள்ளிகளாகப் பிரித்தேன்: இறங்கியது, பில் (சுங்கத்திடம் தரும் இறக்குமதி விவரப் படிவம்) தாக்கல், வரி கட்டியது, விடுவிப்பு உத்தரவு, கேட் அவுட்.

சரக்கு வருமுன்பே தாக்கலான பில்களில் தாக்கல் கட்டம் மைனஸில் வந்து சராசரியைக் கெடுத்தது. வருகை, தாக்கல் இரண்டில் எது பிந்தியதோ அங்கிருந்து சுங்க நேரத்தை எண்ணினேன்; சரியானது.

நேரமில்லாமல் தேதி மட்டும் உள்ள பதிவுகளில் மென்பொருள் 00:00 என்று நிரப்பிவிடும். கிட்டத்தட்ட 24 மணி நேரம் வரை பிழை! அவற்றை ஒதுக்கினேன். விடுமுறை நாளைக் கழிக்கவில்லை. சரக்கு அன்றும் கிடந்ததே.

ஆய்வக மாதிரிக்குப் போன சில பெட்டிகளே சராசரியை இழுத்துவிடும் என்பதால் இடைநிலையும் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு) 90-ஆவது சதமானமும் (நூற்றில் 90 சரக்குகள் இதற்குள் முடியும் நேரம்) போட்டேன். உத்தரவுக்குப் பிந்தைய தாமதம் பெரும்பாலும் வண்டிக்காக. அதைச் சுங்கத்தின் தலையில் கட்டக்கூடாது.