செர்மாட்டில் பனிக்கால விடுமுறை: திட்டமிடும்போதே நேரும் தவறுகள்

சுவிட்சர்லாந்தின் வாலே மாநிலத்தில், 4,478 மீட்டர் உயர மேட்டர்ஹார்ன் சிகரத்தின் அடிவாரத்தில் இருக்கும் செர்மாட், ஆல்ப்ஸ் மலைத்தொடரின் விலை உயர்ந்த பனிச்சறுக்கு ஊர்களில் ஒன்று. அங்கே போய் மனக்குறையோடு திரும்புகிறவர்கள் பெரும்பாலும் செலவைக் குறைத்துக்கொண்டவர்கள் அல்லர். நகரச் சுற்றுலாவுக்குத் திட்டமிடுவதைப் போல ஒவ்வொரு நாளையும் காலை முதல் இரவு வரை முன்கூட்டியே நிரப்பி வைத்தவர்கள். காற்றும் பனிப்பொழிவும் உயரமும் அந்த ஊரின் கால அட்டவணையைத் தீர்மானிக்கின்றன. அதை ஏற்றுக்கொண்டு திட்டத்தில் இடைவெளி விடாததே முதன்மையான தவறு. மற்றத் தவறுகளில் பல அதிலிருந்து பிறப்பவை.

நாட்களைத் தேர்ந்தெடுப்பதிலேயே சறுக்கல் தொடங்கிவிடுகிறது. கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்களிலும் ஐரோப்பியப் பள்ளிகள் விடுமுறை விடும் பிப்ரவரியிலும் அறை வாடகை உச்சத்தில் இருக்கும்; இத்தனை இரவுகளாவது தங்க வேண்டும் என்று விடுதிகள் நிபந்தனை விதிப்பதும், அடுக்குமாடி வீடுகளைச் சனி முதல் சனி வரை மட்டுமே வாடகைக்கு விடுவதும் அப்போது வழக்கம். இதற்கு நேர்மாறாக, ஊருக்கு மேலே பனியாறு படர்ந்திருக்கும் பனிமேட்டில் ஆண்டு முழுவதும் சறுக்கலாம் என்று படித்துவிட்டு, மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக மே மாதத்திலோ நவம்பரிலோ போகிறவர்களும் உண்டு. மேலே பனி இருக்கும். கீழே ஊரில் பல விடுதிகளும் உணவகங்களும் பூட்டிக் கிடக்கும். முதல் முறை செல்லும் குடும்பத்துக்கு மார்ச் மாதத்தையே பரிந்துரைப்பேன். பகல் நீளமாக இருக்கும், குளிரின் கடுமை தணிந்திருக்கும், சறுக்குப் பாதைகள் மிக உயரத்தில் இருப்பதால் பனியும் நிலைத்திருக்கும்.

வாடகைக் கார் எடுப்பது வீண் செலவு. செர்மாட்டுக்குள் பெட்ரோல், டீசல் கார்களுக்கு அனுமதி இல்லை. ஐந்து கிலோமீட்டருக்கு முன்னால் உள்ள டேஷ் என்ற ஊரில் காரை நிறுத்தி, ஒவ்வொரு நாளுக்கும் கட்டணம் செலுத்திவிட்டு, அங்கிருந்து பன்னிரண்டு நிமிட ரயிலில்தான் செல்ல வேண்டும். சூரிச் விமான நிலையத்திலிருந்து விஸ்ப் வழியாக ரயிலிலேயே ஏறத்தாழ மூன்றரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம்.

தங்குமிடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அறையிலிருந்து மேட்டர்ஹார்ன் தெரிகிறதா என்று எல்லோரும் கேட்கிறார்கள்; சறுக்குச் சரிவுகளுக்கு ஏற்றிச் செல்லும் லிஃப்டின் நிலையம் எவ்வளவு தொலைவு என்று கேட்பவர்கள் குறைவு. கோர்னர்கிராட் மலைமுகட்டுக்கு ஏறும் பல்சக்கர ரயில் ஊரின் ரயில் நிலையத்துக்கு எதிரிலிருந்து கிளம்புகிறது. சுன்னேகா என்ற சறுக்குப் பகுதிக்குச் செல்லும் சுரங்க ரயில் ஆற்றை ஒட்டிய பகுதியில் இருக்கிறது. பனிமேட்டுக்குச் செல்லும் கேபிள் காரோ ஊரின் தென்கோடியில், ரயில் நிலையத்திலிருந்து ஏறத்தாழ இருபது நிமிட நடைத் தொலைவில் உள்ளது. சாதாரணக் காலணியில் அது இனிய நடைதான். கணுக்கால் மடியாதபடி இறுக்கிப் பூட்டிய சறுக்குக் காலணியுடன், தோளில் பலகைகளைச் சுமந்து, ஒரு கையால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு உறைபனி படிந்த தெருவில் அதே தொலைவைக் கடப்பது முற்றிலும் வேறு அனுபவம். எந்த லிஃப்டை அதிகம் பயன்படுத்தப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கு அருகிலோ ஊர்ப் பேருந்து நிற்கும் இடத்துக்கு அருகிலோ அறை தேடுவது நல்லது.

புதிதாகக் கற்கிறவர்கள் முதல் நாளே முழுப் பகுதிக்குமான விலை உயர்ந்த லிஃப்ட் பாஸை வாங்குவதும் தேவையற்றது. தொடக்க நாட்கள் சுன்னேகாவுக்குக் கீழே, லைசே ஏரியை ஒட்டிய பயிற்சித் திடலிலேயே கழியும். பயிற்றுநர் வகுப்புகளை அறையுடன் சேர்த்து அப்போதே பதிவு செய்யுங்கள். விடுமுறை வாரங்களில் போன பிறகு தேடினால் இடம் கிடைப்பது அரிது. சறுக்குப் பாதைகள் எவ்வளவு கடினம் என்பதை நிறத்தால் குறிப்பார்கள். சுவிட்சர்லாந்தில் பச்சை நிறப் பாதை என்று ஒன்று கிடையாது, எளிய பாதையின் நிறம் நீலம். மஞ்சள் நிறத்தில் குறிக்கப்பட்டவை இயந்திரத்தால் சமன் செய்யப்படாதவை என்பதால் புதியவர்கள் அவற்றில் இறங்கவே கூடாது.

எனக்கு மிகுந்த கவலை தருவது காப்பீடுதான். இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ செல்கிறவர்கள் ஷெங்கன் விசாவுக்காகக் குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு எடுத்திருப்பார்கள். அதுவே போதும் என்று நம்பிவிடுகிறார்கள். அத்தகைய காப்பீடுகள் பலவற்றில் பனிச்சறுக்கு விலக்கப்பட்டிருக்கும், அல்லது கூடுதல் தொகை கட்டிச் சேர்க்க வேண்டியதாக இருக்கும். மலைச்சரிவில் கால் முறிந்தால் மீட்புக் குழுவின் சறுக்கு வண்டியோ ஹெலிகாப்டரோதான் வரும்; அந்தச் செலவு காயமடைந்தவர் பெயருக்கே வரும். ஆகவே பனிச்சறுக்கு, மலைமீட்பு, ஹெலிகாப்டர் ஆகிய மூன்றும் ஆவணத்தில் எழுத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். குறியிடப்பட்ட பாதைக்கு வெளியே நேரும் விபத்தைப் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் படியுங்கள். வாலே மாநிலத்தில் அவசர உதவிக்கு அழைக்க வேண்டிய எண் 144. குடும்பத்தில் ஒவ்வொருவர் கைப்பேசியிலும் அது இருக்க வேண்டும்.

சறுக்கத் தெரிந்தவர்களைத் தடுமாற வைப்பது இத்தாலிப் பயணம். தியோடுல் கணவாய் வழியாக எல்லையைத் தாண்டி செர்வீனியாவுக்குச் சறுக்கிச் சென்று, மதிய உணவு முடித்துத் திரும்புவது பலருடைய ஆசை, நியாயமான ஆசையும் கூட. இரு நாட்டுக்கும் செல்லுபடியாகும் பாஸ் அதற்கு வேண்டும், கடவுச்சீட்டும் உடன் இருக்க வேண்டும். இவற்றைவிட முக்கியம், திரும்புவதற்கான கடைசி லிஃப்ட் எத்தனை மணிக்கு என்பது. காற்று பலமாக வீசினால் அந்த நேரத்துக்கு முன்பே லிஃப்ட் நின்றுவிடும். அதைத் தவறவிட்டால் மலையைச் சுற்றிக்கொண்டு சாலை வழியாகப் பல மணி நேரம் பயணம் செய்யவோ, இத்தாலியிலேயே இரவு தங்கவோ நேரும். வானம் தெளிந்து காற்று அடங்கிய நாளில், காலையிலேயே கிளம்பி, இனிப்பு வரும்வரை மேசையில் காத்திருக்காமல் எழுந்து வந்துவிடுவதே அறிவுடைமை.

செர்மாட் 1,608 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கேபிள் காரின் உச்சி நிலையம் 3,883 மீட்டரில். ஒரு மணி நேரத்துக்குள் அங்கே ஏறிவிடலாம் என்பதால், வந்து இறங்கிய மறுநாளே பலர் போய்விடுகிறார்கள். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. தலைவலி, குமட்டல், மூச்சிரைப்பு ஆகியவை உடல்வலு உள்ளவர்களையும் விடுவதில்லை. முதல் இரண்டு நாட்களைக் கீழ்ச்சரிவுகளில் கழித்த பிறகு ஏறுவது நல்லது. இதய நோய் உள்ளவர்களும் கைக்குழந்தையுடன் வருகிறவர்களும் பயணத்துக்கு முன்பே மருத்துவரைக் கேட்டுவிட வேண்டும். பனி சூரிய ஒளியைத் திருப்பி வீசுவதால் கன்னத்தின் அடியும் மூக்கின் கீழ்ப்புறமும்கூடக் கருகும். கறுப்புக் கண்ணாடியும் வெயில் காப்புக் களிம்பும் மேகமூட்டமான நாளிலும் தேவை.

காட்சி இடங்களுக்கான சீட்டுகளை வாரக்கணக்கில் முன்னதாக வாங்கிவிடுவது இன்னொரு தவறு. 3,089 மீட்டர் உயரக் கோர்னர்கிராட்டிலிருந்து பனியாறுகளையும் சிகரங்களையும் பார்ப்பது வாழ்நாளில் மறக்க முடியாத காட்சி, ஆனால் மேகம் சூழ்ந்த நாளில் வெண்திரையைத் தவிர எதுவும் தெரியாது. நேரலைக் கேமராக்களில் காலையிலேயே நிலவரத்தைப் பார்த்துவிட்டுச் சீட்டு வாங்குங்கள். ரிஃபெல்சே ஏரியில் மேட்டர்ஹார்ன் தலைகீழாகத் தெரியும் புகைப்படத்தை நம்பிக் குளிர்காலத்தில் போகாதீர்கள். அப்போது ஏரி உறைந்து பனிக்குள் புதைந்திருக்கும்.

திரும்பும் நாளையும் இதே கவனத்துடன் திட்டமிட வேண்டும். 2018 ஜனவரியில் கடும் பனிப்பொழிவும் பனிச்சரிவு அபாயமும் சாலையையும் ரயிலையும் நிறுத்திவிட, ஏறத்தாழ 13,000 பயணிகள் செர்மாட்டில் சிக்கிக்கொண்டனர். சிலரை ஹெலிகாப்டரில் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. 2025 ஏப்ரலிலும் ஊர் துண்டிக்கப்பட்டது. எனவே செர்மாட்டிலிருந்து கிளம்பிய அன்றே நாடு திரும்பும் விமானத்தைப் பிடிப்பதாகத் திட்டமிடாமல், கடைசி இரவைச் சூரிச்சிலோ ஜெனீவாவிலோ கழிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த அறைக்குப் பதிவு செய்யும்போது, முந்தின நாள் வரை பணம் பிடிக்காமல் ரத்து செய்யக்கூடியதாகப் பார்த்து எடுங்கள்.